முத்துக்குளித்துறையில் முதியோர்

முதியோர் பயணம் என்றவுடன், திருத்தலம் சென்று மெழுகுதிரி ஏற்றித் திரும்புவதே நம் நினைவுக்கு வருகிறது. அது நன்றே. ஆயினும் கண்டும் கேட்டும் வினவியும் அறிவு பெற்று மீளும் பயணம் அவர்களுக்கு உரியதன்றோ? கல்வி இளையோருக்கு மட்டுமே என வரையறுத்தவர் யார்?

இவ்வெண்ணத்தோடு எங்கள் பங்கின் முதியோர் இருபத்தெண்மர் தூத்துக்குடி முதல் குமரி வரை மூன்று நாள் சென்று வந்தோம். பெரும்பாலோர் உழவர் குடியினர். தூத்துக்குடியில் பனிமய மாதாவை வணங்கிக் கொற்கையை அடைந்தோம்.

பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கையில் கடலைக் காணோம். வயலும் வாழையுமே கண்ணுக்கெட்டியவரை தெரிந்தன. விளக்க வந்த ஆசிரியர் வாய் திறக்குமுன், பள்ளி சென்றறியாத முதியவர் ஒருவர் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் நெரித்துப் பார்த்தார். "இது ஆற்று வண்டல். ஆறு கொட்டக் கொட்டக் கடல் விலகியிருக்கும்" என்றார். உண்மை அதுவே. தாமிரபரணியின் வண்டல் துறைமுகத்தைத் தூர்த்தமையால் கொற்கை உள்நாட்டு ஊராயிற்று. கற்க வந்தவரே அன்று கற்பித்தார்.

அவ்வாறு கடலைச் சேருமிடம் புன்னைக்காயல். அங்குப் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் போர்த்துக்கல் நாட்டவர். வளர்ந்த பின்னரே தமிழ் கற்றவர். அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய எழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கும் நூல்களுள் மூத்தது அதுவே. மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றுபோன மூதாட்டி ஒருவர் இதைக் கேட்டுத் தம் நைந்த செபப்புத்தகத்தை நெடுநேரம் பார்த்திருந்தார். பின்பு, "எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறேன் சாமி, இனி நான் திருத்தமாய்க் கற்க முடியுமா?" என்று பங்குத்தந்தையை வினவினார்.

விடை மணப்பாட்டில் கிடைத்தது. அங்கே கடலோரக் குன்றின் அடியில் புனித சவேரியார் செபித்த குகை உள்ளது. 1542-இல் இக்கரைக்கு வந்தபோது அவருக்கு வயது 36. பிறர் துணையால் செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துக் குழந்தைகளை அழைத்துக் கற்பித்தார். "அவரும் எழுத்துக்கூட்டியே தொடங்கினார், அம்மா" என்றார் பங்குத்தந்தை.

குன்றின் மேலுள்ள திருச்சிலுவை ஆலயத்திற்கு ஏற இயலாதோர், கீழே மீனவ முதியோருடன் அமர்ந்து வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுகளின் பெயர்களைக் கேட்டறிந்தனர். அதுவும் ஒரு வகுப்பே.

மூன்றாம் நாள் குமரிமுனையில் கதிரவன் எழக் கண்டு, ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலைக்குச் சென்றோம். 1752-இல் தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. இல்லறத்தாராகிய அவர் 2022-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். கோட்டாற்றில் அவர் கல்லறையில் நின்றபோது, குடும்பத்தில் இருந்தே புனிதம் எய்தலாம் என்பது எங்களுக்குச் சொல்லாமலே விளங்கிற்று.

இத்தகைய பயணத்தை எந்தப் பங்கும் நடத்தலாம். நாளொன்றுக்கு மூன்று இடங்களுக்கு மேல் வேண்டா. நண்பகலில் ஓய்வும், அடிக்கடி வண்டியை நிறுத்தலும், செவிலியர் ஒருவரின் துணையும் இன்றியமையாதவை. எல்லாவற்றினும் மேலாக, முதியோர் கேள்வி கேட்கவும் தாம் அறிந்ததைக் கூறவும் நேரம் ஒதுக்குங்கள்.

அம்மூதாட்டி இப்போது மாலைதோறும் பேத்தியிடம் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுகிறார். நம் இல்லங்களிலும் இவ்வாறு கேட்கத் தயங்கி இருப்போர் உளரோ? அவர்களை நாமே அழைத்துச் செல்வோம்.