ஊசியிலையும் ஊற்றும்

கோடைக்கானல் சென்று திரும்பும் சின்னாளப்பட்டி இளைஞர்கள் பைன் மரம் குறித்து வினவுவதுண்டு. அது இலை உதிர்க்குமா? உதிர்க்கும். ஊசியிலைகள் சில ஆண்டுகள் வாழ்ந்து, சிறுகச் சிறுக உதிர்வதால் மரம் என்றும் பசுமையாய்த் தோன்றுகிறது. கனி உண்டா? இல்லை. காற்று சுமந்துவரும் மகரந்தத்தால் கூம்பினுள் விதை முதிர ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆகும்.

அது நம் மலைக்குரிய மரமா? அன்று. மெக்சிகோ நாட்டுப் பைன் இனமொன்றை வனத்துறையினர் 20ஆம் நூற்றாண்டில் அங்குள்ள புல்வெளிகளில் நட்டனர். அதன் சருகுப் படுக்கையில் புல் அரிதாகவே முளைக்கும். மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு வழங்கி வந்தவை அப்புல்வெளிகளும் சோலைகளுமே. நம் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கமும் பழனி மலைத்தொடரின் ஓடைகளையே நம்பியுள்ளது.

அன்பர்களே, மரம் நடுதல் அறம். எம்மரத்தை எவ்விடத்தில் நடுவது எனச் சிந்தித்தலும் அறமே.