மண்ணுக்கு நாள் பார்ப்பது

ஜூன் 5-ஆம் தேதி எங்கள் பக்கம் வந்து பாருங்கள். எந்த ஊருக்குள் நுழைந்தாலும் யாராவது ஒருவர் குனிந்து மரக்கன்று நட்டுக்கொண்டிருப்பார், எதிரே இன்னொருவர் அதைப் படம் பிடித்துக்கொண்டிருப்பார். உலகச் சுற்றுச்சூழல் நாளாம். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் சிவகங்கைச் சீமையில் வைகாசி என்பது கிணற்றுக்குள் வாளியை இறக்கினால் சேறு ஏறி வருகிற மாதம். எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அதுவரை அந்தக் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஒரு கேள்வி இருக்கிறது. பெரும்பாலும் ஏதாவது ஓர் ஆடு வந்து அந்தக் கேள்வியை முடித்துவைத்துவிடும். ஜூலை முதல் வாரத்து வனமகோத்சவமும் இப்படித்தான். 1950-இல் கே.எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற சீமைகளுக்கு அது பொருத்தமான வாரம். நமக்கு அப்போது ஆடிக்காற்றுதான் வரும்.

ஊர் நிலத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கிளம்புகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. அவர்கள் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான். "ஐயா, அடுத்து என்னென்ன நிகழ்ச்சி வருது? எங்க போனா நிதி கிடைக்கும்? எந்த மாநாட்டுக்குப் போகலாம்?" நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்பிருந்தே ஊருணி, கண்மாய், மேய்ச்சல் நிலம் என்று ஒரு சின்னக் கூட்டத்தோடு அலைந்து வருகிறவன். கூட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், டீக்கடை பெஞ்சில் உட்காரும் அளவுக்குத்தான் ஆள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நிலம் தொலைந்துபோவது பெரும்பாலும் யாரும் மேடை போடாத நாட்களில்தான். அதைக் காப்பாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் அதே நாட்களில்தான் ஒளிந்துகிடக்கிறது. மாலை, மைக், பொன்னாடை இல்லாத நாட்கள் என்பதால் நம் கண்ணில் படுவதில்லை.

என்னைக் கேட்டால் முதல் நாள் ஜமாபந்தி. வருவாய்த் தீர்வாயம் என்று நல்ல தமிழில் போர்டு வைப்பார்கள், வாயில் வருவது என்னவோ ஜமாபந்திதான். அக்பர் காலத்து பசலிக் கணக்கு இன்னும் நம் தாலுகா அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடிகிற ஆண்டு அது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. பசலி முடிகிற சமயம், பெரும்பாலும் மே, ஜூனில், ஒவ்வொரு தாலுகாவிலும் கிராமக் கணக்குகளையெல்லாம் மேசைமேல் பரப்பிச் சரிபார்ப்பார்கள். உள்வட்டம் உள்வட்டமாக நாள் ஒதுக்கியிருப்பார்கள். நம் ஊர் அடங்கல் வந்திருக்கும், அ-பதிவேடு வந்திருக்கும், கிராம நிர்வாக அலுவலர் வந்திருப்பார், நில அளவைச் சங்கிலியைக்கூடச் சரிபார்ப்பார்கள். ஊர்க் கணக்கும் அதற்குப் பொறுப்பானவர்களும் முடிவெடுக்கும் அதிகாரியும் ஒரே கூரையின்கீழ் உட்காருகிற நாள் வருடத்தில் வேறெது? மக்கள் அங்கே எதற்குப் போகிறார்கள் என்றால், பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும். ஊருணிக்காகப் போகிறவர் குறைவு.

நாங்கள் முதன்முதலாகப் போன ஜமாபந்தி நன்றாக ஞாபகமிருக்கிறது. எங்கள் ஊருணியின் ஒரு கரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்துகொண்டிருந்தது. கரை தானாக நகருமா? வேலி நகர்ந்தது. எங்கள் கூட்டத்தில் ஒரு தமிழாசிரியர் இருந்தார். அவர்தான் மனு எழுதினார். நாலு பக்கம். சங்க காலத்தில் நீர்நிலைகளை எப்படிப் போற்றினார்கள் என்று ஆரம்பித்து, பாண்டியர் ஆட்சி வழியாக மெதுவாக நடந்து, நாலாம் பக்கத்தில்தான் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். அப்போது எனக்குத் தலையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. அதைப் படிக்கும்போது அதிகாரியின் கண் கலங்கிவிடும் என்றே நம்பிக்கொண்டு பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன்.

மனுப் பதிவு செய்கிற இடத்தில் ஒரு நடுத்தர வயது எழுத்தர் அம்மா இருந்தார். நாலு பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டினார். சிரிக்கவில்லை, அது அவருடைய பெரிய மனசு. "சார், ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. சர்வே நம்பர் எங்க?" என்றார்.

எங்களிடம் இல்லை.

வரிசையில் பின்னால் ஐம்பது பேர் முண்டிக்கொண்டிருக்க, அந்த அம்மா எங்களை ஓரமாக உட்காரவைத்து, உணவு இடைவேளையில் தன் சோற்று டப்பாவைத் திறக்காமல் சொல்லிக்கொடுத்தார். அ-பதிவேட்டில் ஊருணிக்கு என்ன புல எண், எவ்வளவு பரப்பு, என்ன வகைப்பாடு என்று பாருங்கள். பிறகு புலப்படம் வாங்குங்கள், அதில் நாலு பக்கத்து அளவும் இருக்கும். மனு அரைப் பக்கம் போதும். 'இன்ன புல எண், இவ்வளவு பரப்பு, இந்தப் பக்கம் இவ்வளவு குறைகிறது, அளந்து கல் ஊன்றித் தாருங்கள்.' அவ்வளவுதான். ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காதீர்கள், அடுத்த வருடம் அந்த எண்ணைப் போட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும் என்றார். அடுத்த வருடமும் வர வேண்டியிருக்கும் என்பதை எவ்வளவு நாசூக்காகச் சொன்னார் பாருங்கள். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு இந்தச் சிரமம்கூட இல்லை. அ-பதிவேட்டை இணையத்திலேயே பார்க்கலாம். கிடைக்காததற்கு 2005-ஆம் வருடத்துத் தகவல் உரிமைச் சட்டமும் பத்து ரூபாயும் இருக்கின்றன.

அளக்க ஆள் வருவதற்குள் எங்கள் தமிழாசிரியர் ஓய்வு பெற்றே விட்டார். சர்வேயர் வந்த அன்று நல்ல வெயில். வேலியை நகர்த்தியவர் வீட்டிலிருந்து அவருடைய தாயார் ஒரு செம்பு நிறைய மோர் கொண்டுவந்தார். சர்வேயருக்கு ஊற்றினார். சங்கிலி பிடித்தவருக்கு ஊற்றினார். தயங்கி நின்ற எங்களுக்கும் ஊற்றினார். கல் ஊன்றி முடிந்ததும் மகனைப் பார்த்து, "கல்லுக்கு அந்தப் பக்கமா வேலியப் போட்டுக்கடா. நான் கல்யாணமாகி வந்தப்ப இதுலதானே தண்ணி எடுத்தேன்" என்றார். கிழக்குக் கரையில் கொட்டிய கட்டட இடிபாடு இன்றும் அப்படியே கிடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கும் ஓர் ஒப்புகைச் சீட்டு எங்களிடம் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் தந்த ஜக்பால் சிங் தீர்ப்பை எங்கள் மனுக்களோடு இப்போது இணைத்துவிடுகிறோம். பஞ்சாபில் பாட்டியாலா பக்கம் ரோஹர் ஜாகிர் என்ற ஊரின் குளத்தை வளைத்துப் போட்ட வழக்கு அது. ஊர்ப் பொது நிலங்களை மீட்டு ஊருக்கே திருப்பித் தரும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டார்கள். புறம்போக்கு என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். எங்கோ ஒரு குளம், அதற்காக யாரோ நடையாய் நடந்த பலன் எங்கள் ஊருணிக்கும் வந்து சேர்கிறது.

அடுத்தது கிராமசபை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று நாலாக இருந்தது. 2022-இலிருந்து மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறாகிவிட்டன. ஆறு வாய்ப்பு. வேறெந்த மாநாடு உங்களை வருடத்துக்கு ஆறு தடவை கட்டணமில்லாமல் கூப்பிடுகிறது? ஆனால் மிட்டாய் கொடுத்து முடிந்ததும் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். மீதிப் பேர் தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதினார்கள் என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். அந்தப் புத்தகத்தைப் படித்துப் பார்க்கக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்களுக்கு ஒரு கூச்சம். எங்கள் ஊரில் இப்போது ஒரு பெண்பிள்ளை, வேளாண்மை படித்தவள், அதை எல்லார் காதிலும் விழும்படி உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து என்று பழக்கப்படுத்தியிருக்கிறாள். முதல் தடவை முணுமுணுத்தார்கள். இப்போது அவள் வரத் தாமதமானால் காத்திருக்கிறார்கள்.

தீர்மானத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் அரிட்டாபட்டிக்குப் போய்ப் பார்க்கட்டும், எங்களுக்குப் பக்கத்துச் சீமைதான். மேலூர் தாலுகாவில் ஏழு குன்றுகள், சுனைகள், சமணர் படுக்கை, தமிழி எழுத்துக் கல்வெட்டு, லகுடு வல்லூறு என்று வளமான இடம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 எக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இனிக் கவலையில்லை என்று நானும்தான் நினைத்தேன். சரியாக இரண்டே வருடம். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன 2,015 எக்டேருக்குள் அந்த 193-உம் அடங்கியிருந்தது. சுற்றுப்பட்டுக் கிராமசபைகள் தீர்மானம் போட்டன, டிசம்பரில் சட்டமன்றமும் போட்டது. தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரைக்கும் மக்கள் நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23-இல் ஏலம் ரத்து. நடந்த கால்கள்தான் ஜெயித்தன, சந்தேகமில்லை. அந்தக் கால்களுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளக் காகிதம் இருந்தது என்பதையும் நான் கவனித்துக்கொண்டேன்.

அந்தக் காகிதத்துக்கு ஊர் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. 2025-இல் இரண்டாவதாக அறிவித்த திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி கோயில்காடு ஐந்து எக்டேர்கூட இல்லை. 2002-ஆம் வருடத்துப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். உங்கள் ஊரில் யார் யார் அந்தக் குழு என்று அடுத்த கிராமசபையில் கேட்டுப் பாருங்கள். சில ஊர்களில் குழுவில் இருப்பவருக்கே அன்றைக்குத்தான் தெரியவரும்.

பண வாய்ப்பு பற்றிக் கேட்டீர்களே. பிப்ரவரி, மார்ச்சில் எங்களுக்குத் திடீரென்று செல்வாக்குக் கூடும். 2013-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டத்தில், பெரிய கம்பெனிகள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று இருக்கிறது. கணக்கு வருடம் மார்ச் 31-இல் முடியும். அதற்குள் செலவழித்தாக வேண்டிய அவசரம் காரில் ஏறி எங்கள் ஊர்வரைக்கும் வரும். அப்படி வந்த ஒரு கம்பெனிக்காரர்கள் எங்கள் மேய்க்கால் புறம்போக்கு முழுக்க ஆயிரக்கணக்கில் மரம் வைத்து வேலியும் போட்டுத் தருகிறோம் என்றார்கள். கூட்டத்தில் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். கிடை போட வந்திருந்த ஒரு வயசான கீதாரி மட்டும் கம்பை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "வேலி போட்டா ஆடு எங்க போகும் சாமி? அதோட, வேலிக்குள்ள போன நெலம் மறுபடி வெளிய வந்து நான் பார்த்ததில்லை."

கம்பெனிக்காரர் புரியாமல், "இது சும்மா கிடக்கிற நிலம்தானே?" என்றார். கீதாரி அவரைக் கூட்டிக்கொண்டு போய்த் தரையைக் காட்டினார். ஆட்காட்டிக் குருவி சரளைக் கல்லோடு கல்லாக இட்டுவைத்திருந்த முட்டைகள். வானம்பாடி, கௌதாரி, முயல், மழை பெய்தால் நாலு நாளில் எழும்பும் புல், எல்லாவற்றுக்கும் வீடு அதுதான். மரம் இருந்தால்தான் நிலம் உயிரோடிருக்கிறது என்று படித்தவர்களுக்கு எப்படியோ ஒரு நினைப்பு. புல்வெளிக்கு மரம் விருந்தாளி அல்ல, குடிவாரம் கேட்டு வருகிற ஆள். அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு இரண்டு கூட்டம் பிடித்தது, மனஸ்தாபமும் வந்தது. அந்த மேய்ச்சலில் இன்றும் ஆடு மேய்கிறது.

பொங்கல் விடுமுறையில் பிள்ளைகள் கண்மாய்க் கரையில் பறவை எண்ணுவதை ஆரம்பத்தில் நான் விளையாட்டாகத்தான் பார்த்தேன். பொங்கல் நாள் பறவைகள் கணக்கெடுப்பு என்று மாநிலம் முழுக்க நடக்கிறது. வலசை வந்த பறவைகள் தங்கியிருக்கிற காலம் அது. ஒரே கண்மாய், ஒரே காலம், வருடம் தவறாமல் எழுதிவைத்தால் அது சாட்சியமாகிவிடுகிறது. திருப்பூர் நஞ்சராயன் குளத்தை உள்ளூர் ஆர்வலர்கள் இப்படித்தான் விடாமல் பார்த்து எழுதி வந்தார்கள். 2022-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் கழுவேலியோடு சேர்ந்து உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் ஏறியது. பிப்ரவரி 2 ஈரநில நாள் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கையில் இப்படி ஒரு நோட்டோடு போனால், பேச்சைக் கேட்டுவிட்டு மட்டும் திரும்ப வேண்டியிருக்காது.

சரி, எங்கள் பக்கத்தில் வரப்போகிற நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். ஆடி பிறந்தால் பனம்பழம் விழ ஆரம்பிக்கும். ஆவணி, புரட்டாசியில் கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து, மழைக்கு முன்னால் கண்மாய்க் கரையின் வெளிப்புறத்தில் ஊன்றுவோம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், முதலில் வேர்தான் கீழே போகும், பல மாதம் வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் படம் பிடிக்க வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தலைமை தாங்க ஆள் கிடையாது. காலை ஆறு மணிக்கு, கடப்பாரை உள்ளவர்கள் கடப்பாரையோடு வரலாம். கம்பங்கூழ் எங்கள் பொறுப்பு. சாக்கு மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள். போன வருடம் நாங்கள் கொடுத்த சாக்குகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.