கறுப்புப் பூச்சுக்கு அடியில்

பிக் பெர்த்தா ராக்கெட் கிட்டின் பையைப் பிரித்துக் கொட்டினால் மேசையில் விழுபவை எல்லாம் எளிய பொருட்கள்தான். ஒரு காகிதக் குழாய், மோட்டாருக்கான இன்னொரு சிறு குழாய், சிறகுகளின் வடிவம் லேசரால் வெட்டப்பட்ட பால்சா பலகைகள், உள்ளீடற்ற பிளாஸ்டிக் மூக்குக்கூம்பு, பாராசூட், எலாஸ்டிக் நாடா, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துகள். கட்டி முடித்தால் 24 அங்குல உயரம், 1.64 அங்குல விட்டம். கொலராடோ மாநிலத்தின் பென்ரோஸ் ஊரில் இருக்கும் எஸ்டெஸ் நிறுவனம் 1960களிலிருந்து விற்றுவரும் கிட் இது. குண்டான உடல், அகலமான நான்கு சிறகுகள். விருட்டென்று கண்ணிலிருந்து மறையாது. ஏவுகம்பியை விட்டு நிதானமாக எழும், ஏறுவதை முழுக்கப் பார்க்கலாம். அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம். பெரிய, விலையுயர்ந்த கிட்டுகளைக் கட்டிய பிறகும் திரும்பத் திரும்ப இதற்கே வருகிறேன்.

இதற்கு மரபான நிறம் பளபளக்கும் கறுப்பு. கட்டுகிறவருக்கு இதைவிடக் கண்டிப்பான நிறம் கிடையாது. வெள்ளையில் கண்ணுக்கே படாத ஒரு கீறல், மஞ்சளில் மன்னிக்கப்படும் ஒரு மேடு, கறுப்பில் வெளிச்சம் பட்டதும் எழுந்து நிற்கும். ஸ்ப்ரே டப்பாவைக் கையில் எடுப்பதற்கு வெகு முன்பே இந்த ராக்கெட்டின் அழகு முடிவாகிவிடுகிறது. மரத்தில் செய்ததும் காகிதத்தில் செய்ததும்தான் மேலே வந்து தெரியும். முடிப்பு வேலை என்று நான் சொல்வது பெரும்பாலும் பூச்சுக்கு அடியில் நடப்பதைத்தான்.

கைவேலை இப்படிக் காகிதத்திலும் மரத்திலும் வந்து தங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. 1950களில் அமெரிக்கச் சிறுவர்கள் வீட்டிலேயே மருந்து கலந்து இரும்புக் குழாய்களில் அடைத்து, விரலையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்தார்கள். நெப்ராஸ்காவின் நார்ஃபோக் ஊரில் செருப்புக் கடை நடத்திய ஆர்வில் கார்லைல், தன் சகோதரர் ராபர்ட்டுடன் சேர்ந்து 1954இல் ஒரு மாற்று வழி கண்டார். இலேசான பொருட்களால் ஆன ராக்கெட், பாராசூட்டில் இறங்கும், மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஏவலாம். வொயிட் சேண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பணியாற்றிய ஜி. ஹாரி ஸ்டைன் 1957இல் அதன் மதிப்பை உணர்ந்தார். மோட்டார்களை ஆயிரக்கணக்கில் செய்து தரும் இயந்திரத்தை வெர்ன் எஸ்டெஸ் கட்டினார். அதற்கு மேபல் என்று செல்லப்பெயர். கருமருந்து ஆலைக்குப் போய்விட்டது. குழாயும் மரமும் பசையும் நம் கைக்கு வந்தன. இந்தப் பங்கீட்டை நான் ஒரு கொடையாகவே எண்ணுகிறேன். எரியும் பகுதியைப் பற்றிய பயம் இல்லாததால்தான் ஒரு சிறகின் விளிம்பைப் பற்றி ஒரு மாலை முழுவதும் யோசிக்க முடிகிறது.

சிறகுகளில்தான் என் நேரம் அதிகம் போகும். பால்சா மிக இலேசான மரம், நகம் பட்டாலே பள்ளம் விழும். அதன் இழை சிறகின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் தரையில் இறங்கும்போது இழையோடு சிறகு பிளந்துவிடும். கிட்டில் இழை சரியாகத்தான் வெட்டப்பட்டிருக்கும், ஆனாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் நான் தொடங்குவதில்லை. லேசர் பட்ட விளிம்பு கருகிப் பழுப்பாக இருக்கும். நான்கையும் ஒன்றாக அடுக்கிப் பிடித்து, மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் அந்தக் கருகலைத் தேய்த்து எடுக்கிறேன். அடுக்கித் தேய்ப்பதால் நான்கும் ஒரே அளவுக்கு வந்துவிடும். பிறகு தனித்தனியாக முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெலிதாக்குவேன். குழாயில் ஒட்டும் அடிவிளிம்பை மட்டும் தொடுவதில்லை; அது சதுரமாக, தட்டையாக இருந்தாக வேண்டும்.

அடுத்தது பால்சாவின் துளைகளை அடைப்பது. இதில் இரண்டு வழிகள். மரப்பட்டியைத் தண்ணீரில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்துத் தூரிகையால் பூசி, காயவைத்துத் தேய்த்து, மறுபடி பூசி மறுபடி தேய்ப்பது ஒரு வழி. பலர் அதைத்தான் செய்கிறார்கள், நல்ல வழிதான். நான் காகிதம் போர்த்துகிறவன். சாதாரண அச்சுத்தாளை இரண்டு பக்கமும் வரும்படி வெட்டி, முன்விளிம்பில் மடித்து, மெல்லிய பசைப் பூச்சில் ஒட்டி, விரலால் உள்ளிருந்து வெளியே தள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரவு முழுக்க வைத்துவிடுவேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் சிறகு வளைந்துவிடும், வளைந்த பால்சாவை நிமிர்த்துவது பெரும்பாடு. காலையில் புத்தகங்களை எடுத்துப் பார்த்தால் விறைப்பான, வழவழப்பான, பால்சா என்றே தெரியாத ஒரு தகடு இருக்கும். எடை மிகக் கொஞ்சம்தான் கூடும். வலிமையோ பல மடங்கு கூடும். மரத்தின் துளைகளோடு போராட வேண்டியதே இல்லை. நான் யாருக்காவது ஒரே ஒரு உத்தியைத்தான் சொல்லித்தர முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

உடல் குழாய் தாளைச் சுருளாகச் சுற்றிச் செய்யப்படுவது. தாளின் விளிம்புகள் சேருமிடத்தில் குழாயைச் சுற்றி ஏறும் ஒரு மெல்லிய பள்ளம் இருக்கும். கறுப்பு அடித்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். பென்சிலால் அந்தச் சுருளைத் தொடர்ந்து கோடு போட்டுக்கொண்டு, அதன்மேல் மட்டும் பட்டி பார்த்து, காய்ந்ததும் 400 எண் உப்புத்தாளால் பள்ளத்தில் இருப்பது மட்டும் மிஞ்சும்படி தேய்ப்பேன். குழாயின் மேலே வழுவழுப்பான மெல்லிய தாள் ஒன்று உண்டு. அதைக் கிழித்துக்கொண்டு உப்புத்தாள் உள்ளே போனால் பஞ்சு பஞ்சாக நார் எழும். அதனால் இங்கே கை மிருதுவாக இருக்க வேண்டும்.

மோட்டார் தாங்கியை உள்ளே தள்ளுவது சில நொடிகளில் முடியும் வேலை. பசையைக் குழாயின் உள்சுவரில் தடவிவிட்டு ஒரே தள்ளலில், நடுவில் நிற்காமல் கொண்டுபோக வேண்டும். மஞ்சள் மரப்பசை காகிதத்தோடு காகிதத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். நின்ற இடத்திலேயே நிரந்தரமாக நின்றுவிடும்.

சிறகை ஒட்டும்போது இதே பிடிப்பு நமக்கு உதவுகிறது. அலுமினிய எல் கோணத்தைக் குழாயின் நீளவாக்கில் வைத்து நேர்கோடுகள் வரைவேன். அது தானாகவே குழாயின் அச்சுக்கு இணையாக உட்காரும். கோட்டின்மேல் அந்த வழுவழுப்பான தாளை மட்டும் இலேசாகத் தேய்த்துவிட்டால் பசை உள்ளே ஊறும். பசை தடவிய சிறகைக் குழாயில் ஒருமுறை அழுத்தி எடுத்துவிட்டு, இரண்டு பக்கப் பசையும் காயவிட்டு, மறுபடி மெல்லிய பூச்சுக் கொடுத்து வைத்தால் கையில் சில விநாடிகள் பிடித்தாலே நின்றுவிடும். இப்படிச் சேர்ந்த இடத்தை உடைக்கப் பார்த்தால் மரம் முறியும், ஒட்டு பிரியாது. நான்கும் நின்ற பின் பின்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். செங்கோணம் தப்பியிருந்தால் பசை இறுகும் முன் திருத்திவிடலாம்.

சிறகும் குழாயும் சேரும் மூலையில் ஓடாத கெட்டிப் பசையால் ஒரு குழிவான ஓரம் கட்ட வேண்டும். ராக்கெட்டைப் படுக்க வைத்து, மேலே பார்த்திருக்கும் மூலைகளுக்கு மட்டும் பசையிட்டு, ஈர விரலால் ஒரே இழுப்பில் வழித்துவிட்டு, காயும் வரை திருப்பாமல் விடுவேன். காய்ந்ததும் அடுத்த பக்கம். அவசரப்பட்டுத் திருப்பினால் பசை ஓரிடத்தில் வழிந்து திரளும். இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும் மகிழ்ச்சி தனி. கூர்மையான மூலை மறைந்து, சிறகு உடலிலிருந்தே முளைத்தது போன்ற தோற்றம் வந்துவிடும்.

“பறந்து விழப்போற பொருளுக்கு எதுக்குங்க இவ்வளவு?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பட்டி பார்க்காத, பூச்சே இல்லாத பெர்த்தாவும் நன்றாகவே பறக்கும். உருட்டிய முன்விளிம்பும் வழவழப்பான மேற்பரப்பும் காற்றின் இழுவையைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு குண்டான ராக்கெட்டுக்கு அந்த ஆதாயத்தைச் சாக்காகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எதிர்ப்பக்கக் கணக்கும் இருக்கிறது. பூச்சுக்கு எடை உண்டு. ராக்கெட் நேராகப் பறக்க வேண்டுமானால் அதன் எடை மையம், காற்றழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது ஒரு குழாய் விட்டம் தள்ளி இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. அந்தக் காற்றழுத்த மையத்தைத் தாளில் கணக்கிடும் முறையை நாசாவில் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் பாரோமன் 1966இல் பொழுதுபோக்காளர்களுக்கு எழுதித் தந்தார். வாலில் பசையும் பூச்சும் ஏற ஏற எடை மையம் பின்னுக்கு நகரும். பெர்த்தாவின் அகலச் சிறகுகள் இதைப் பொறுத்துக்கொள்ளும். சிறிய சிறகுள்ள ராக்கெட் பொறுக்காது. ஆகவே தேய்த்து எடுப்பது பூசுவதைவிட முக்கியம். நான் இவ்வளவு செய்வதற்குக் காரணம் கேட்டால், எனக்குத் தெரிந்த அளவுக்குச் சரியாகச் செய்த ஒரு பொருள் மேலே போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான்.

மூக்குக்கூம்பில் அச்சு வார்ப்பின் தையல் கோடு இருக்கும். கத்தியின் முதுகால் சுரண்டி, தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிவிட வேண்டும். வார்ப்பின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் ஒட்டாது. பிறகு பிரைமர். முதல் பிரைமர் குறைகளைக் காட்டுவதற்கு மட்டுமே. அதில் பெரும்பகுதியை 400 எண் தாளால் தேய்த்து எடுத்துவிட்டு இரண்டாவது மெல்லிய பூச்சு அடிப்பேன். விரல் நுனியை மூடிய கண்களோடு ஓட்டினால் சுருள் எங்கே இருந்தது என்று தெரியக்கூடாது.

கறுப்பு அடிக்க நாள் பார்க்க வேண்டும். நான் இருக்கும் ஒஹாயோவில் கோடையில் காற்று ஈரத்தால் கனத்திருக்கும். அந்த ஈரம் பூச்சில் படிந்தால் பளபளப்பு போய்ச் சாம்பல் மூடியதாக நிற்கும். டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் துளிகள் நுண்ணியதாக வரும். முதலில் தூசி படிந்தது போல் இரண்டு இலேசான பூச்சு, கடைசியாக ஒரே ஒரு ஈரமான பூச்சு. ராக்கெட்டுக்குச் சற்று முன்பே அழுத்தத் தொடங்கி, அதைத் தாண்டிய பிறகே விரலை எடுக்க வேண்டும். டப்பாவில் மறுபூச்சுக்கான நேரம் அச்சிட்டிருப்பார்கள். அந்த இடைவெளிக்கு வெளியே அடித்தால் அடிப்பூச்சு சுருங்கி மடியும். காய்ந்ததா என்று தொட்டுப் பார்ப்பதில்லை. முகர்ந்து பார்ப்பேன். வாசனை வருகிறவரை உள்ளே இன்னும் காயவில்லை என்று பொருள்.

எழுத்துகளை ஒட்டும் தண்ணீரில் சோப்பு ஒரு துளி விட்டால் வழுக்கி நகர்த்த வசதி. மாஸ்கிங் டேப் போடும் வடிவமென்றால் டேப்பின் விளிம்பில் அடிநிறத்தையே ஒருமுறை அடித்துவிட வேண்டும். அப்புறம் வரும் நிறம் கசியாது.

முதல் பறப்புக்கு நான் பி6-4 மோட்டாரைத்தான் போடுவேன். பி என்ற எழுத்து மொத்தக் கணத்தாக்கைச் சொல்கிறது, 2.5க்கு மேல் 5 நியூட்டன்-விநாடி வரை. அடுத்த எழுத்தில் அது இரட்டிக்கும். 6 என்பது சராசரி உந்துவிசை. 4 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட்டை வெளியே தள்ளும் வரையிலான விநாடிகள். தீப்பற்றாத தாளைக் கசக்கித் திணித்து, அதன்மேல் பாராசூட்டை வைத்து, மூக்கைச் செருகுவேன். காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் இருந்தால் அன்று ஏவுவதில்லை. 15 அடி தள்ளி நின்று, ஐந்திலிருந்து எண்ணி, மின்பொத்தானை அழுத்துவேன். அறுவடை முடிந்த சோள வயலுக்கு மேலே அந்தக் கறுப்பு உடல் எழும்போது, போர்த்திய காகிதமும் அடைத்த சுருளும் அதில் எங்கே இருக்கின்றன என்று எனக்கு மட்டும் தெரியும்.

வீடு திரும்பியதும் வாலில் படிந்த மருந்துக் கரியை ஈரத்துணியால் அன்றே துடைத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் பூச்சை அரிக்கும். தரையில் பட்டுச் சிறகு நுனியில் பெயின்ட் போயிருந்தால் சிறு தூரிகையால் தொட்டு வைப்பேன், முழுவதும் மறுபடி அடிப்பதில்லை. பாராசூட்டை மடித்தபடி குழாய்க்குள் வைக்கக்கூடாது, பிளாஸ்டிக் அந்த மடிப்பையே பழகிக்கொண்டு அடுத்த முறை விரியாது. வெளியே எடுத்து, முகப்பவுடரைத் தூவி உதறி, விரித்துத் தொங்கவிடுகிறேன்.