அப்பாவின் மைக்ரோமீட்டர்



எங்கள் வீட்டு பீரோவில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. உள்ளே நகை இல்லை, மைக்ரோமீட்டர். நம்ம விஸ்வநத்தத்தில் நிறையப் பேர் பயர் ஆபீஸுக்குப் போகிறார்கள். எங்க அப்பா சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் மிஷின் ஓட்டுகிறார். தாள் கனம், பிளேட் கனம், ரப்பர் பிளாங்கெட்டுக்கு அடியில் வைக்கும் பேக்கிங் தாளின் கனம் எல்லாம் இதில்தான் பார்ப்பார். சொந்தக் காசில் வாங்கியது. தினமும் சாப்பாட்டுத் தூக்கோடு பையில் கொண்டுபோவார்.

நாம் அறிவியலில் படிக்கும் திருகு அளவிதான் இது. 1848-ல் பிரான்சில் பாமர் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் புத்தகத்தில் உள்ளதில் தலைக்கோலில் 100 பிரிவுகள், ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். அப்பாவுடையதில் 50 பிரிவுகள், ஒரு சுற்றுக்கு அரை மி.மீ. இரண்டுக்கும் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. தான்.

டீச்சர் இந்தப் பாடம் நடத்திய அன்று ராத்திரி, அப்பா தூங்கியதும் அதை எடுத்தேன். என் தலைமுடியை அளந்தேன். 0.07 மி.மீ.! ஒரே சந்தோஷம். அம்மா அப்போதுதான் ஒட்டி வைத்த பேப்பர் கவரையும் அளந்தேன். ஓரத்தில் பசை ஈரமாக இருந்தது. துடைக்காமல் அப்படியே பெட்டியில் வைத்துவிட்டேன்.

மறுநாள் அப்பா முகம் வாடி வந்தார். காலண்டர் தாளில் படம் அங்கங்கே வெளிறி விழுந்ததாம். 300 தாள் வீண். சம்பளத்தில் பிடித்துவிட்டார்களாம். "அளந்துதான போட்டேன், எப்படின்னு தெரியலையே" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. "அப்பா, நேத்து ராத்திரி நான் அதை எடுத்தேன்" என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பெட்டியைத் திறந்து இரண்டு முகத்தையும் ஒட்டவைத்துக் காட்டினார். 0-வில் நிற்க வேண்டியது 4-ல் நின்றது. காய்ந்த பசை! "0.04 கூடக் காட்டியிருக்கு. அதனாலதான் பேக்கிங் கம்மியாப் போச்சு" என்றார். டீச்சர் சொன்ன சுழிப்பிழை இதுதான்.

ஈரத்துணியால் பசையை எடுத்து, உடனே காய்ந்த துணியால் துடைத்தார். சுத்தமான வெள்ளைத்தாளை நடுவில் வைத்து மெதுவாக இழுத்தார். அப்புறமும் ஒரு பிரிவு மிச்சம் இருந்தது. பெட்டியில் இருந்த கொக்கிச் சாவியை ஸ்லீவின் சின்னத் துளையில் மாட்டி லேசாகத் திருப்பினார். சுழி சரியாக நின்றது.

அப்பா சொன்னவை:

1. பிளேடால் சுரண்டக் கூடாது.
2. இறுக்கித் திருகாமல் கடைசியில் ராட்செட்டைத்தான் திருக வேண்டும்.
3. கை வியர்வை பட்டால் துரு ஏறும். துடைத்து ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் தடவ வேண்டும்.
4. முகங்களை ஒட்டவைக்காமல் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பெட்டியில் வைக்க வேண்டும்.
5. அளக்கும் முன் சுழி பார்க்க வேண்டும்.

"அஞ்சாவதை நானே இன்னைக்கு அவசரத்துல விட்டுட்டேன் தாயி. பிழை எவ்வளவுன்னு தெரிஞ்சா கழிச்சுக்கலாம். தெரியாம அளந்தா அன்னைக்கு வேலை பூராவும் பிழைதான். நீ சொன்னது நல்லதாப் போச்சு" என்றார்.

பிடித்த சம்பளம் திரும்பி வரவில்லை. ஆனால் இப்போது தினமும் காலையில் அப்பா கிளம்பும் முன் துடைத்து, சுழி பார்த்துக் கொடுப்பது என் வேலை. தோழிகளே, நம் பள்ளியில் திருகு அளவியைத் தொடும்போது நாமும் துடைத்து வைப்போமா?



— ஒன்பதாம் வகுப்பு மாணவி