இல்லாத மாத்திரையின் வல்லமை

அல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் தாய் வயிற்றில் எவரும் பிறப்பதில்லை. போத்தல்களிலே குழந்தைகள் வளர்கின்றன. ஒரே கருமுட்டையிலிருந்து 96 பேர் வரை ஓரச்சில் வார்க்கப்படுகின்றனர். ஆள்பவன் யார், உழைப்பவன் யார் என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். மார்கரெட் அட்வூட் 1985இல் எழுதிய நாவலிலோ பிள்ளை பெறக்கூடிய பெண்கள் ஆட்சியின் உடைமை. கருப்பையைக் கைப்பற்றியவன் சமூகத்தையே கைப்பற்றுகிறான் என்பதே இரண்டின் அச்சமும்.

எங்கள் நாட்டில் அதற்கு ஆய்வுகூடம் தேவைப்படவில்லை, வதந்தியே போதுமாயிற்று.

மட்டக்களப்பு வாவியின் தென்முனை கல்முனைப் பக்கம் முடிகிறது. அங்கிருந்து தென்மேற்கே வயல்வெளிகளைக் கடந்தால் அம்பாறை நகரம். 2018 பெப்ரவரி இறுதியில் அங்குள்ள முஸ்லிம் உணவகமொன்றில் கறியிற் கிடந்த கட்டியொன்றைச் சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றனர். கும்பல் சூழ்ந்து நிற்க, சிங்களம் சரிவரத் தெரியாத காசாளர் தலையாட்டினார். அந்தக் காணொளி முகநூலிற் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். உணவிற் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகில் கிடையவே கிடையாது.

மறு ஆண்டு மே மாதம், குருநாகலில் முஸ்லிம் மருத்துவரொருவர் நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்கள நாளேடு முதற்பக்கத்தில் எழுதியது. அவர் கைதானார். நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்ய முன்வந்தனர். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களமே நீதிமன்றில் கூறியது. ஆனால் அப்பெண்கள் நெஞ்சில் நெடுநாள் சுமந்த துயரத்துக்கு அதற்குள் ஓர் எதிரி கிடைத்துவிட்டான்.

இது சிங்களவரின் நோய் என்று நாம் ஒதுங்கிவிடலாகாது. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பின்னான நாட்களில், படித்த தமிழ் நண்பரொருவர் இதே மாத்திரைக் கதையை என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பகுப்பாய்வாளரின் அறிக்கையை நினைவூட்டினேன்.

“அறிக்கை எழுதினவனையும் வாங்கியிருப்பானுகள் அண்ணன்” என்றார்.

பல்லாண்டுகள் செய்தி மேசையில் இருந்த எனக்கு அந்தப் பதில் அச்சமூட்டியது. மறுப்பையே சான்றாக விழுங்கும் கதைக்கு எந்தத் திருத்தமும் மருந்தாகாது.

ஹக்ஸ்லியின் ஆட்சியாளர் கருவைக் கட்டுப்படுத்தி மனிதரை ஆண்டனர். இங்கோ கருவைப் பற்றிய பயமே மனிதரை ஆள்கிறது. எந்தக் கடையில் உண்பது, எந்த மருத்துவரிடம் போவது, யாருக்கு வாக்களிப்பது, நம் பெண்கள் எத்தனை பிள்ளை பெறுவது என்பதையெல்லாம் அதுவே தீர்மானிக்கப் பார்க்கிறது. எழுவான்கரையில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் வேலிக்கு வேலி அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஒருவர் விளைவித்ததை மற்றவர் விற்றும், ஒருவர் சமைத்ததை மற்றவர் உண்டும் வாழ்ந்த கரை இது. மாத்திரை எவரையும் மலடாக்கவில்லை. ஆனால் அதன் கதை, அயலவர் கையால் ஒரு வாய் சோறுண்ணும் நம்பிக்கையை மலடாக்கிவிடும்.