தறியில் கெட்டிக்காரன், பள்ளியில் மக்கா?

ஆரணிப் பட்டு என்றதும் நம் பெண்களுக்கு முகம் மலர்ந்து விடும். இன்று நான் சொல்லப் போவது புடவையைப் பற்றி அல்ல. அதை நெய்யும் ஒரு வீட்டுப் பிள்ளையைப் பற்றி.

என் தூரத்து உறவினர் மகன். வயது 14. பாவில் ஓர் இழை அறுந்தால் தகப்பனாருக்கு முன்பே அவன் கண்ணில் பட்டுவிடும். ஜக்கார்டு அட்டைகளை வரிசை மாறாமல் கோத்து வைப்பான். ஆனால், பாடப் புத்தகத்தில் நாலு வரி படிக்கச் சொல்லுங்கள், வியர்த்துப் போவான்! பள்ளியில் அவனுக்கு வைத்த பெயர் "மக்கு." வீட்டில் கிடைத்த பட்டம் "சோம்பேறி."

நாளடைவில் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வயிற்று வலி வரலாயிற்று. இரவில் தூக்கமில்லை. தம்பியைக் கண்டால் எரிந்து விழுந்தான். "வயசுக் கோளாறு" என்றார்கள். ஒரு நாள், "நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதிதானே, அம்மா?" என்று கேட்டிருக்கிறான். தாயார் துடித்துப் போய், மறுநாளே டாக்டரிடம் அழைத்துச் சென்றாள்.

பையனுக்கு இருந்தது டிஸ்லெக்ஸியா. கண்ணில் கோளாறு இல்லை, அறிவிலும் குறைவில்லை. எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் மூளைக்கு ஏற்படும் சிரமம், அவ்வளவே. 1896-ம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய டாக்டர் இதே போன்ற ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். வாய்மொழியாகவே பாடம் நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் கெட்டிக்காரன் என்பது அவன் ஆசிரியரின் கருத்தாம்!

நம் தமிழையே பாருங்கள். ல, ள, ழ. ந, ன, ண என்று எத்தனை! "கெ" என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது; அதன் ஒலியோ பின்னே வருகிறது. நமக்குப் பழகிவிட்டது. இப்பிள்ளைகளுக்கு அது லேசில் பழகுவதில்லை.

தினந்தோறும் நாலு பேர் முன்னிலையில் தோற்றுக்கொண்டே இருந்தால் எந்த மனந்தான் தாங்கும்? இத்தகைய பிள்ளைகளிடம் கவலையும் மனச்சோர்வும் அதிகம் என்கிறார்கள் மருத்துவர்கள். அதிலும் ஆண் பிள்ளை அழ மாட்டான். அழக் கூடாது என்று நாமே சொல்லி வளர்த்திருக்கிறோமே! துக்கம் கோபமாக வெளிப்படும். பள்ளிக்கு மட்டம் போடுவதாக வெளிப்படும். நாம் அதைத் திமிர் என்கிறோம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பேச்சில் சுட்டியாகவும் படிப்பில் மந்தமாகவும் ஒரு பிள்ளை இருந்தால், பிரம்பை எடுக்குமுன் டாக்டரிடம் காட்டுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இக்குறைபாட்டையும் ஏற்றிருக்கிறது. உரிய சான்றிதழ் பெற்றால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் தனிப் பயிற்சியால் வாசிப்பும் முன்னேறும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் பல ஆண்டுகளாக இப்பணியில் ஈடுபட்டிருக்கிறது.

ஆனால், "செத்துப் போகிறேன்" என்ற பேச்சு பிள்ளையின் வாயில் வந்துவிட்டால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்; "சும்மா மிரட்டுகிறான்" என்று தள்ளிவிடவும் வேண்டாம். தனியே விடாமல் பக்கத்தில் இருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

மதிப்பெண் அடுத்த பரீட்சையில் வந்துவிடும். பிள்ளையின் மனசு ஒடிந்தால் எந்தக் கடையில் வாங்குவது?