பக்கத்துக் கட்டில்

நோயுற்றோரைச் சந்தித்து ஆறுதல் கூறுவது பங்குத்தந்தையின் கடமை. குருப்பட்டம் பெற்ற நாளிலிருந்து இருபத்தாறு ஆண்டுகள் அக்கடமையைத் தவறாது செய்துவந்தேன் என்றே நான் எண்ணியிருந்தேன். மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை, நற்கருணைச் சிமிழை நெஞ்சோடு அணைத்தபடி, உபதேசியார் முன்னே நடக்க, வீடு வீடாகச் செல்வேன். செபம் சொல்லி, நற்கருணை வழங்கி, தலைமேல் கைவைத்து ஆசீர் அளிப்பேன். “ஆண்டவர் பார்த்துக்கொள்வார், தைரியமாக இருங்கள்” என்று கூறி எழுந்துகொள்வேன். ஒரு வீட்டில் பத்து நிமிடங்கள். அந்தப் பத்து நிமிடங்களில் நோயாளி பேசியது எவ்வளவு நேரம் என்று ஒருநாளும் நான் எண்ணிப் பார்த்ததில்லை.

முன்பு நான் பணியாற்றிய பங்கில் தச்சர் ஒருவர் இருந்தார். எங்கள் கோவிலின் பாவசங்கீர்த்தனத் தொட்டி அவர் கைவேலை. மாரடைப்பு வந்து பிழைத்தவர். ஒருநாள் மாலை பங்குமனைக்கு வந்து, சொல்லத் தயங்கி நின்று, பிறகு சொன்னார்: “சாமி, ராத்திரி படுக்கவே பயமா இருக்கு. படுத்தா விடியறப்போ எழுந்திருப்பேனான்னு தெரியலை.” நான் அவருக்கு விசுவாசத்தைப் பற்றி எடுத்துரைத்தேன். செபமாலை சொல்லிவிட்டுப் படுக்குமாறு அறிவுரை கூறினேன். அவர் கைகூப்பிச் சென்றார். அதன்பின் அந்தப் பேச்சை என்னிடம் எடுக்கவே இல்லை. இரண்டு ஆண்டுகளில் இறந்துபோனார். அவருடைய முதலாண்டு நினைவுத் திருப்பலி முடிந்ததும் அவர் மனைவி என்னிடம் சொன்னார்: “கடைசி ரெண்டு வருசமும் அவர் படுக்கவே இல்லை சாமி. திண்ணையில நாற்காலியிலே உட்கார்ந்தபடியேதான் தூங்குவார்.” அதையும் நான் அச்சம் என்றே எடுத்துக்கொண்டேன். அவருக்காக இரங்கினேன். அவ்வளவுதான்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பிறகு நானும் அதே படுக்கையில் வீழ்ந்தேன்.

ஒரு நவம்பர் மாதம், கல்லறைத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. முதல் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்தபோது நெஞ்சின் நடுவே ஒரு பாரம் உண்டாயிற்று. இடது தோளும் தாடையும் கனத்தன. வாயுத் தொல்லை என்று சொல்லிச் சோடா வாங்கிவரச் சொன்னேன். உபதேசியார் சோடாவுக்குப் போகவில்லை. ஆட்டோவை அழைத்துவந்து, “ஏறுங்க சாமி” என்றார். அவரிடம் அத்தகைய குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அந்தக் கீழ்ப்படியாமைக்கு நான் என்றும் நன்றியுடையவன். மாவட்டத் தலைநகரில் குழாய் செலுத்திப் பார்த்தபோது மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு இருப்பது தெரிந்தது. பத்தாம் நாள் பைபாஸ் அறுவை செய்தார்கள்.

இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை 1975ஆம் ஆண்டில், சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில், டாக்டர் கே. எம். செரியன் அவர்களால் செய்யப்பட்டது. அன்று செய்தித்தாளில் இடம்பெற்ற அரிய செயல் இன்று பல நகரங்களில் அன்றாட வேலையாகிவிட்டது. காலிலிருந்து இரத்த நாளத்தை எடுத்து, அடைப்பைச் சுற்றி இதயத்துக்குப் புதுவழி அமைத்துவிடுகிறார்கள். அதற்காக நெஞ்செலும்பை நெடுக அறுத்துத் திறந்து, பின் கம்பியால் கட்டிச் சேர்க்கிறார்கள். எலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். இவையெல்லாம் எனக்கு முன்னரே விளக்கப்பட்டன. விளக்கிய மருத்துவர் திறமையானவர், அன்பானவர். ஆனால் அவர் நெஞ்சு திறக்கப்பட்டதில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மூன்றாம் நாள் என்னைப் பொது அறைக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்றவர். நெற்றியில் திருநீறு, தலைமாட்டில் முருகன் படம். எனக்கு ஐந்து நாள் முன்னதாக அறுவை செய்துகொண்டவர். சர்க்கரை நோயால் கால் புண் ஆறத் தாமதமானதால் அங்கேயே இருந்தார். முதல்முறை எனக்கு இருமல் வந்தபோது மார்பு இரண்டாகப் பிளப்பதுபோல் துடித்துவிட்டேன். அவர் தம் கட்டிலிலிருந்தே, “சாமி, தலையணையை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருமுங்க. பிள்ளையைத் தூக்கி வச்சிருக்கிற மாதிரி” என்றார். அவ்வாறே செய்தேன். வலி பாதியாயிற்று. செவிலியரும் அதைத்தான் சொல்லியிருந்தார். ஆனால் இவர் சொல்லியபோதுதான் கை தானாகச் சென்றது.

மூச்சை உள்ளிழுத்து மூன்று பந்துகளை மேலெழுப்பும் சிறு கருவி ஒன்றை எனக்குத் தந்திருந்தார்கள். என்னால் ஒரு பந்தைக்கூட அசைக்க இயலவில்லை. அவர் தம் கருவியில் இரண்டை எழுப்பிக் காட்டிவிட்டு, “எனக்கும் மொதல் நாள் ஒண்ணுமே எழும்பலை” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ ராத்திரி அழுகை வரும் சாமி. எதுக்குன்னே தெரியாது. பயந்துடாதீங்க. எனக்கும் வந்தது.”

நான் புன்னகைத்தேன். குருவுக்கு அவ்வாறெல்லாம் நேராது என்று எண்ணினேன் போலும். ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு அழுகை வந்தது. துயரமும் இல்லை, வலியும் இல்லை. கண்ணீர் மட்டும் நிற்காமல் வழிந்தது. கண்ணை மூடினால் மீண்டும் திறக்கமாட்டேன் என்ற அச்சம் தொண்டையை அடைத்தது. கையில் செபமாலை இருந்தது. பல்லாயிரம் முறை சொன்ன செபம் நாவில் வரவில்லை. இருளில் பக்கத்துக் கட்டிலிலிருந்து குரல் கேட்டது. “வந்திருச்சா சாமி? வந்தா போயிரும்.” அவர் வேறொன்றும் சொல்லவில்லை. விடியும்வரை அவர் விழித்திருந்தார் என்பதை அவ்வப்போது கேட்ட இருமலால் அறிந்தேன். அப்போதுதான் அந்தத் தச்சர் என் நினைவுக்கு வந்தார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியபின் இதை நெடுநாள் சிந்தித்தேன். மாரடைப்பு வந்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை ஆழ்ந்த மனச்சோர்வு பற்றுகிறது என்றும், அதைக் கவனியாது விட்டால் இதயத்துக்கே கேடு என்றும் மருத்துவர்கள் கூறுகின்றனர். நானோ அதனை விசுவாசக் குறைவு என்று தீர்ப்பிட்டு வந்திருக்கிறேன். துணை தேடுவது பலவீனம் என்ற எண்ணம் எனக்குள் வேரூன்றி இருந்தது. ஆனால் நம் ஆண்டவர் கெத்சமனியில் என்ன செய்தார்? தந்தையை நோக்கி மன்றாடச் சென்ற அவரே மூன்று நண்பர்களை உடனழைத்துச் சென்றார். தம்மோடு விழித்திருக்குமாறு அவர்களை வேண்டினார். அவர்கள் உறங்கிப்போனது அவருக்கு வேதனையாயிற்று. இறைமகனே நாடிய மனிதத் துணையை வேண்டாமென்று சொல்ல நாம் யார்?

திருச்சபையின் ஒழுங்கிலும் இதே உண்மை இருக்கிறது. எந்தக் குருவும் தமக்குத் தாமே பாவமன்னிப்பு வழங்கிக்கொள்ள இயலாது. நோயில்பூசுதலையும் மற்றொரு குருவின் கையாலேயே பெறவேண்டும். அறுவைக்கு முந்திய நாள் என் நெற்றியில் எண்ணெய் பூசியவர் என்னிடம் பயிற்சி பெற்ற இளங்குரு. என் பெட்டியிலும் அதே எண்ணெய் இருந்தது. எனக்கு நானே பூசிக்கொள்ள அது பயன்படாது. பிறருக்குக் கொடுக்கவே அறிந்தவன் ஏந்தி நிற்கவும் அறியவேண்டும் என்று திருச்சபை எப்போதோ எழுதிவைத்ததை அன்றுதான் நான் படித்தேன்.

1951ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்ததை இங்கே குறிப்பிடலாம். இரண்டாம் உலகப் போரில் வீரர்களின் இதயத்தில் பாய்ந்திருந்த குண்டுச் சிதறல்களை அகற்றிப் பெயர்பெற்ற டுவைட் ஹார்க்கன் என்ற மருத்துவர் அங்கிருந்தார். இதய அறுவை என்றாலே மரணம் என்று உலகம் அஞ்சிய காலம் அது. அவரிடம் அறுவை செய்துகொண்டு பிழைத்த நால்வர் ஒன்றுகூடித் தங்கள் அனுபவங்களைப் பேசினார்கள். அடுத்து அறுவைக்குக் காத்திருப்போரை நாடிச் செல்வது என்று தீர்மானித்தார்கள். அவ்வாறு பிறந்த அமைப்பே ‘மெண்டட் ஹார்ட்ஸ்’, அதாவது செப்பனிடப்பட்ட இதயங்கள். எந்த மருந்தும் அவர்கள் கொண்டுசெல்லவில்லை. அறுவைக்குப் பின்னும் உயிரோடு நடமாடும் ஒருவரைக் காத்திருப்போர் கண்ணால் கண்டார்கள். பக்கத்துக் கட்டிலிலிருந்து நான் பெற்றதும் அதுவே.

உடல் தேறியபின் எங்கள் பங்கில் ஒரு சிறு முயற்சியைத் தொடங்கினோம். இரண்டாம் சனிக்கிழமை மாலைகளில் இதய நோயாளிகள் பங்கு மண்டபத்தில் கூடுகிறோம். முதல் மாதம் நால்வர். இப்போது பதினொருவர். ஒருவர் பீடிக்கடை முதலாளி, இஸ்லாமியர். இருவர் இந்துக்கள். சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுபட்ட சகோதரி ஒருவரும் வருகிறார். மறையுரை கிடையாது. அவரவர் மாதம் எவ்வாறு கழிந்தது என்று சொல்வதுதான் நிகழ்ச்சி. எங்களுக்குச் சில விதிகள் உண்டு. ஒருவர் மாத்திரையை மற்றவருக்குப் பரிந்துரைக்கக் கூடாது. இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் ஒருநாளும் நிறுத்தக் கூடாது. நெஞ்சுவலி வந்தால் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிராமல் உடனே 108ஐ அழைக்கவேண்டும். 2023ஆம் ஆண்டு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் நம் மாநிலத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதலுதவி மாத்திரைகள் தருகிறார்கள் என்பதையும் புதியவர்களுக்குச் சொல்கிறோம். உடன்நோயாளி துணையே அன்றி மருத்துவர் அல்லர்.

நான்காம் கூட்டத்தில் புதிதாக வந்த பெரியவர் ஒருவர், இரவில் படுக்க அச்சமாயிருக்கிறது என்றார். நான் வாய் திறக்குமுன் வால்வுச் சகோதரி கேட்டார்: “எத்தனை தலையணை வச்சுப் படுக்கறீங்க ஐயா?” மூன்று என்றார் அவர். “போன வருசம்?” ஒன்று. “தட்டையாப் படுத்தா மூச்சு முட்டுதா? கால் வீங்குதா?” ஆம் என்றார். “நாளைக்கே டாக்டரைப் பாருங்க. எனக்கும் இப்படித்தான் வந்தது.” மறுநாள் சென்றார். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருந்தது. நீர் வெளியேற மருந்து தந்தார்கள். அடுத்த மாதம் ஒரே தலையணையில் உறங்குவதாக வந்து சொன்னார்.

எல்லாரும் மகிழ்ந்தார்கள். நான் தலைகவிழ்ந்திருந்தேன். இரண்டாண்டுகள் நாற்காலியில் உட்கார்ந்து உறங்கிய அந்தத் தச்சரின் துன்பம் அச்சமா, நோயின் அறிகுறியா என்பதை இனி யாரும் அறியமுடியாது. ஒருவேளை இரண்டுமாக இருக்கலாம். நான் விசுவாசத்தைப் பற்றிப் பேசினேன். தலையணையைப் பற்றிக் கேட்கவில்லை. அந்த வாரமே அவருடைய மனைவியைச் சென்று பார்த்தேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “நாங்களும் கேக்கலையே சாமி” என்றார். எழுந்து போய் எனக்கு உப்பில்லாமல் மோர் கலந்துகொண்டு வந்தார். நோய் கண்டவர் இருந்த வீடு அது. கேளாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் பெத்சதா குளத்தருகே ஐந்து மண்டபங்களில் நோயுற்றோர் கூட்டமாகக் கிடக்கின்றனர். முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றிருந்த ஒருவர், தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை என்று ஆண்டவரிடம் முறையிடுகிறார். தாம் போவதற்குள் வேறொருவர் முந்திவிடுகிறார் என்கிறார். இப்பகுதியைப் பலமுறை மறையுரையாற்றியிருக்கிறேன். இத்தனை நோயாளிகள் அருகருகே கிடந்தும் ஒருவருக்கு ஒருவர் போட்டியாளராகவே இருந்தார்கள் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். நம் மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடங்களையும் நம் பங்குகளையும் அப்படி விட்டுவிடலாகாது. துன்பத்தில் தாம் பெற்ற ஆறுதலைக் கொண்டே பிறரைத் தேற்ற முடியும் என்று திருத்தூதர் பவுல் கொரிந்தியருக்கு இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தில் உணர்த்துகிறார். ஆறுதல் பெறாதவன் கையில் கொடுக்க என்ன இருக்கும்?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஏற்படுத்திய உலக நோயாளர் நாள் 1993ஆம் ஆண்டு முதல் பிப்ரவரி 11ஆம் நாளில், லூர்து அன்னையின் திருநாளில், கொண்டாடப்படுகிறது. அன்று நம் கோவில்களில் நோயாளிகளை வரிசையில் அமர்த்தி எண்ணெய் பூசுகிறோம். பூசியபின் அவர்களை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடாமல், ஒரே நோயுள்ளவர்களை ஒரு மேசையைச் சுற்றி அமரவைத்து ஒரு குவளை தேநீர் கொடுத்துப் பாருங்கள். மற்றதை அவர்களே செய்துகொள்வார்கள்.

அறுவைக்குப் பின் மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது, கைகளைத் தலைக்குமேல் உயர்த்தக் கூடாது என்று எனக்குக் கட்டளை. ஆகவே எழுந்தேற்றத்தின்போது திருக்கிண்ணத்தை நெஞ்சளவுக்கே உயர்த்தினேன். ஒரு ஞாயிறு என் அருகில் நின்ற பீடச்சிறுவன் என் கை நடுங்குவதைக் கண்டு, யாரும் சொல்லாமலே என் முழங்கையின்கீழ்த் தன் கையை வைத்துத் தாங்கினான். இன்று கை நடுங்குவதில்லை. ஆயினும் திருக்கிண்ணத்தை உயர்த்தும்போதெல்லாம் அந்தச் சிறு கை அங்கே இருப்பதாகவே உணர்கிறேன். பக்கத்துக் கட்டில்காரருக்காகவும் தச்சருக்காகவும் அவ்வேளையில் வேண்டிக்கொள்கிறேன்.